முழங்கால் உயரம்

சில வருடங்களுக்கு முன்னால் ஆன்சைட் வேலைக்காக அமெரிக்காவில் ஐந்து மாதம் இருந்தேன். எங்கள் டீமில் ஓய்வுபெறப் போகிற வயதில் ஒருவர் இருந்தார். 1970-களில் செய்த ஒரு மோட்டார்ஹோம் வைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, வீடு மாதிரியான வண்டி. ஒரு சனிக்கிழமை அதைக் காட்டக் கூப்பிட்டார். அவர் கதவைத் திறந்ததும் வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு தட்டு இரும்புப் படி மடிப்பு விரிந்து வெளியே வந்து 'டக்' என்று நின்றது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் மறுபடி உள்ளே போய் ஒளிந்துகொண்டது. வண்டியில் அவர் பெருமையாகக் காட்டிய எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. கதவை நாலைந்து முறை திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். அவர் சிரித்தார்.

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். அப்பத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் பஸ்ஸில் கால் வைத்து ஏற முடியவில்லை. முட்டி வைத்து ஏறுவாள். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, வலது முழங்காலை முதல் படியில் ஊன்றி, உடம்பை உள்ளே இழுத்து, அப்புறம்தான் காலை எடுத்து வைப்பாள். பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டும், உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். "ஏறு ஆத்தா, வெரசா ஏறு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு டைம் இருக்கிறது. திண்டுக்கல் போய்ச் சேரும்போது அப்பத்தாவின் சேலையில் முட்டி அளவுக்கு வட்டமாக ஒரு மண் கறை இருக்கும். "இந்தப் படிய எந்தப் பாவிடா இம்புட்டு ஒசரத்துல வச்சான்?" என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்த பேரனிடமும் கேட்டாள். நான் கம்ப்யூட்டர் படித்தவன், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் இருக்கிறது.

அந்த மோட்டார்ஹோம் படியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 12 வோல்ட் மோட்டார் ஒன்று, அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிற பல்சக்கரப் பெட்டி, இரண்டு பக்கமும் இணைகரம் மாதிரி மடங்குகிற இரும்புக் கைகள். அவை இணையாகவே நகர்வதால் தட்டு வெளியே வரும்போதும் சாயாமல் மட்டமாக வரும். கதவுச் சட்டத்தில் ஒரு காந்த சுவிட்ச். கதவு திறந்தால் படி வரும். கதவு சாத்தியிருந்து எஞ்சின் சாவியையும் திருகினால் படி உள்ளே போயே ஆக வேண்டும். இல்லையென்றால் நீட்டிய படியோடு கிளம்பி யாருடைய காலையாவது சிதைத்துவிடும். அதற்கு முந்தைய வண்டிகளில் கையால் இழுத்துவிடும் ஸ்பிரிங் படிகள் இருந்தன. மறந்துபோய் அதை மடக்காமல் ஓட்டி, கம்பத்தில் மோதி நெளித்த கதை மோட்டார்ஹோம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும்போல. என் சகாவிடம் இரண்டு இருந்தன.

ஆனால் இந்தப் படி ஏன் தேவைப்பட்டது? வின்னபாகோ மாதிரி நிறுவனங்கள் 1960-களில் மோட்டார்ஹோம்களைக் கூட்டமாகச் செய்து தள்ள ஆரம்பித்தபோது, லாரி அல்லது வேனுக்கான சேஸியை வாங்கி அதன்மேல் பெட்டியைக் கட்டினார்கள். லாரி சேஸி என்பது ஏணி மாதிரியான இரும்புச் சட்டம். எஞ்சின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். இரண்டையும் இணைக்கிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நடுவில் அடியில் ஓடும். பின்னால் அச்சும் அதன் பெரிய உருண்டையும் மேலும் கீழும் துள்ளுவதற்கு இடம் விட வேண்டும். தரை இது எல்லாவற்றுக்கும் மேலேதான் வர முடியும். சரக்கு ஏற்றுகிறவனுக்கு அந்த உயரம் கஷ்டமில்லை, இன்னும் சொன்னால் வசதி, குடோன் மேடைக்குச் சமமாக நிற்கும். மனிதன் ஏற வேண்டும் என்றால் படி வேண்டும். படியைத் தாழ்வாக நிரந்தரமாக வைத்தால் மேட்டிலும் கல்லிலும் தட்டும். அதனால்தான் ஏறும்போது மட்டும் இருந்து, ஓடும்போது இல்லாமல் போகிற படி.

இதையே வேறு வழியில் தீர்த்தவர்களும் இருந்தார்கள். 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி நிறுவனம் செய்த மோட்டார்ஹோமில் லாரி சேஸி இல்லை. ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ என்ற காரின் எஞ்சினையும் முன்சக்கர இயக்கத்தையும் எடுத்து வைத்தார்கள். பின்சக்கரத்துக்கு ஷாஃப்டே போகாததால் தரையை நன்றாக இறக்க முடிந்தது. லாரிச் சட்டத்தின்மேல் ஏறி உட்காராத வண்டி. சுமார் 13,000 வண்டிகளோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் இன்றும் அதைப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக வழி இரண்டுதான்: உயரமான வண்டிக்கு நல்ல படி வைப்பது, அல்லது வண்டியையே இறக்குவது. நாம் இரண்டையும் வெகுகாலம் செய்யவில்லை.

மடங்கும் படி மோட்டார் காலத்துச் சமாச்சாரமும் இல்லை. ஐரோப்பாவின் 18-ஆம் நூற்றாண்டுக் குதிரைக் கோச்சுகளில் மடித்து வைக்கும் படிகள் இருந்தன. வண்டி நின்றதும் பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் வேலைக்காரன் இறங்கி ஓடிவந்து படியை விரித்துவிடுவான். அதற்கென்றே ஒரு ஆள். நம்முடைய பல்லக்கில் படியே கிடையாது, வண்டிதான் இறங்கும். தூக்குகிறவர்கள் தரையில் வைத்த பிறகு ஏறிக்கொள்ளலாம். யானையும் மண்டி போடும். கொடைக்கானலுக்கு மோட்டார் பாதை வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் போனது இப்படித்தான். 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைரோடு ஸ்டேஷனில், இறங்குவார்கள். அங்கிருந்து பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் வரை மாட்டுவண்டி, அப்புறம் மனிதர்கள் தோளில் நாற்காலி. ஏறுகிறவன் குனியாமல் இருக்க யாரோ ஒருவன் குனிந்திருக்கிறான் என்பதுதான் அதுவரை இருந்த தொழில்நுட்பம்.

சாதாரண ஜனங்களுக்கு எங்கள் பக்கம் இருந்தது ஜட்கா. பழனியில் ரொம்ப காலம் ஓடியது. பின்பக்கம் தொங்கும் ஒரு சின்ன இரும்புத் தகடுதான் படி, அதில் ஒரு கால் வைத்தால் உள்ளே வைக்கோல் மெத்தைக்குப் போய்விடலாம். ஆள் ஏறுகிற நேரம் வண்டி பின்னால் சாய்ந்து குதிரையைத் தூக்கிவிடாமல் இருக்க வண்டிக்காரர் முன்னால் போய் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்பத்தா கல்யாணமான புதிதில் ஜட்காவில் போனவள். பஸ்ஸைத் திட்டும்போதெல்லாம் ஜட்காவைப் புகழ்வாள். அது உடம்பை உலுக்கி எடுத்ததை மட்டும் சொல்ல மாட்டாள்.

பஸ் எங்கள் பக்கம் வந்தது தனியார் வழியாக. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் சர்வீஸ் ஆரம்பித்தார். மதுரையை மையமாக வைத்து அது வளர்ந்தது. அந்தக் காலத்து பஸ் என்பது லாரி சேஸியின்மேல் தச்சர் கட்டிய மரப்பெட்டி. இங்கிலாந்திலும் அப்படித்தான் ஆரம்பித்தது, ஆனால் அங்கே சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். 1927-ல் லேலண்ட் கம்பெனி டைட்டன் என்ற டபுள் டெக்கருக்காகச் சட்டத்தையே அச்சுகளுக்கு நடுவே கீழே வளைத்து, தரையை இறக்கியது. பஸ்ஸுக்கென்று தனி சேஸி. பின்பக்கம் திறந்த மேடை, தெருவிலிருந்து ஒரே எட்டில் ஏறிவிடலாம்.

அந்த டைட்டனின் வாரிசு தமிழ்நாட்டிலேயே பிறந்தது என்பதுதான் வேடிக்கை. அசோக் லேலண்ட் 1967-ல் எண்ணூரில் டைட்டன் டபுள் டெக்கர்களைச் செய்ய ஆரம்பித்தது. மதராஸ் தெருக்களில் அவை ஓடின. அதாவது, தாழ்வாக ஏறுவது எப்படி என்று இந்த மாநிலத்துக்குத் தெரியும். கிராமத்துக்குப் போன பஸ்ஸுக்கு மட்டும் அந்த அறிவு போய்ச் சேரவில்லை. முன்னால் எஞ்சின், ஏணிச் சட்டம், பட்டை ஸ்பிரிங். குழியும் புழுதியும் ஆற்று ஓடையும் உள்ள பாதையில் அது சாகாது. எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். சேஸி கரூருக்குப் போகும், அங்கே பாடி கட்டுவார்கள். கரூர் பாடி கட்டுநர்களின் கைத்திறன் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். வளைந்த தகடு, சின்ன விளக்குகள், கண்ணாடியில் எழுத்து என்று அலங்காரத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை. ஆனால் சேஸி எங்கே முடிகிறதோ அங்கேதான் பாடி தொடங்க முடியும். தரை உயரம் அவர்கள் கையில் இல்லை. படியைத் தரையில் வெட்டி உள்ளே இறக்கலாம், அவ்வளவுதான். அதுவும் ஓரளவுக்கு மேல் இறக்கினால் வேகத்தடையில் உரசும்.

நகரப் பேருந்துகளுக்காக மத்திய அரசு வகுத்த விவரக்குறிப்புகளில் தரை உயரம் மூன்று வகை: 400 மில்லிமீட்டர், 650, 900. நம்முடைய பழைய பஸ்கள் 900-லும் அதற்கு மேலும். வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் 150-லிருந்து 175 மில்லிமீட்டர். நகரப் பேருந்தின் முதல் படி பொதுவாக 340-ஐத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி. அதுவே இரண்டு மாடிப்படி. திண்டுக்கல் காமராஜர் பஸ் நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறேன், பல வண்டிகளில் முதல் படி என் முழங்காலுக்குச் சரியாக நிற்கும். நான் ஐந்தடி எட்டு அங்குலம். அப்பத்தா ஐந்தடிகூட இல்லை.

1972-ல் தனியார் பஸ்கள் பெரிய அளவில் அரசுடைமை ஆகின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். அதிலிருந்து பிரிந்து பின்னாளில் திண்டுக்கல்லுக்கே ஒரு கழகம் வந்தது, ராணி மங்கம்மாள் பெயரில். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். சாலை போட்டதற்கும் சத்திரம் கட்டியதற்கும் ஞாபகம் வைத்திருக்கப்படும் மதுரை நாயக்கர் அரசி அவர். தெற்கே இன்றும் மங்கம்மாள் சாலை என்று சொல்கிறார்கள். நடந்து போகிறவனுக்கு நிழலும் தங்க இடமும் வேண்டும் என்று யோசித்தவரின் பெயர் பஸ் நெற்றியில் இருந்தது, படி மட்டும் முழங்கால் உயரத்தில். 1997-ல் விருதுநகர் பக்கம் புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டி சாதிக் கலவரம் மூண்டபோது, அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சொன்னவர்கள் இருந்த காலம் அது. ஏறுவது என்பது எப்போதும் கால் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை போலிருக்கிறது. மங்கம்மாளும் அந்தக் கூட்டத்தோடு அழிந்தார். அப்போது நான் ஸ்கூல் பையன். பஸ் பக்கவாட்டில் பெயிண்ட் அடித்து மறைத்த எழுத்து வெயிலில் மங்கலாகத் தெரிந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படி எங்களுக்கு வேறு ஒன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காலேஜ் போகும் வயதில் படிதான் எங்கள் இடம். உள்ளே சீட் காலியாக இருந்தாலும் படியில்தான் நிற்போம். 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் படியில் தொங்கிய மாணவர்கள் லாரி மோதி இறந்த பிறகு கோர்ட், கதவு, அறிவிப்பு என்று பேச்சு எழுந்தது. கதவுகளும் வந்தன. படியில் தொங்கினால் ஆபத்து என்று பேசின அளவுக்கு, படியில் ஏறவே முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. தொங்குகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான். ஏறாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவளை யார் எண்ணுவது? அப்பத்தா கடைசியாகப் பழனிக்குப் போனது எழுபத்தாறு வயதில். மலைமேல் ஏற ஏறத்தாழ 700 படி. அது அவளுக்குப் பிரச்சினையே இல்லை, 1966-லிருந்து வின்ச் ஓடுகிறது, 2004-ல் ரோப் காரும் வந்துவிட்டது. "மலைக்கு மிசினு வச்சிட்டாங்கெ, இந்த ஒத்தப் படிக்கு ஒண்ணுமில்ல" என்றாள். அடுத்த வருடம் தைப்பூசத்துக்குக் கூப்பிட்டபோது வரவில்லை என்று சொல்லிவிட்டாள். முட்டி வலி என்றுதான் சொன்னாள். பஸ்ஸைக் காரணமாகச் சொல்லவில்லை.

ஒரு எஞ்சினியராக நான் நியாயமாகவும் இருக்க வேண்டும். மோட்டார்ஹோம் படியை அப்படியே டவுன் பஸ்ஸில் மாட்டியிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது. அது நாளைக்குப் பத்துத் தடவை விரிகிற படி. டவுன் பஸ்ஸில் நூற்றுக்கணக்கான தடவை விரிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் ஏறுவதற்குச் செய்தது, நம் பஸ்ஸில் ஐந்து பேர் நிற்பார்கள். புழுதியும் மழைச்சேறும் மூட்டுக்குள் போகும். படி முழுக்க உள்ளே போனால்தான் வண்டி நகர வேண்டும் என்று ஐ.நா. விதி சொல்கிறது. ஆள் தொங்கும் படி எப்படி உள்ளே போகும், வண்டி எப்படி நகரும்? எனவே மோட்டார் படி வராததற்குக் காரணம் உண்டு. தரை இறங்காததற்குத்தான் சமாதானமான காரணம் கிடைக்கவில்லை.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்தை எல்லோரும் அணுகும்படி செய்யச் சொல்கிறது. அதன் பிறகும் புதிதாக வாங்கும் பஸ்கள் உயரமாகவே வரப்போகின்றன என்று தெரிந்து மாற்றுத்திறனாளிகள் தரப்பில் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாலை மோசம், மழைநீர் தேங்கும், வேகத்தடை இடிக்கும் என்பது அரசுத் தரப்பு பதில். எனக்கு அந்தப் பதில் பழக்கமானது. எங்கள் ஆபீஸில் பழைய கோடை மாற்ற முடியாது என்று சொல்ல நாங்கள் இதே தொனியில்தான் மெயில் போடுவோம். ரோடு சரியில்லை என்பதற்காக பஸ்ஸை உயரமாக வைப்பது, சர்வர் சரியில்லை என்பதற்காக யூசரைக் காத்திருக்கச் சொல்வது. வழக்கு இழுத்து, கடைசியில் 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. 400 மில்லிமீட்டர் தரை, பின்னால் எஞ்சின், காற்று சஸ்பென்ஷன். ஸ்டாப்பில் காற்றை விட்டு ஒரு பக்கமாக மண்டி போடும், சக்கர நாற்காலிக்குச் சரிவுத் தகடும் உண்டு. பல்லக்கும் யானையும் செய்ததை இப்போது பஸ்ஸே செய்கிறது, யாரும் குனியாமல்.

அதற்கு முன்பே, 2021 மே 8 முதல், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் ஆனது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வருபவருக்கும் அது நீண்டது. இந்தத் திட்டத்தைக் கிண்டல் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. எங்கள் ஊர்ப் பெண்கள் மில் வேலைக்கும் சந்தைக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போகிறார்கள். கட்டணம் என்ற படியை ஒரே கையெழுத்தில் எடுத்துவிட்டார்கள். இரும்புப் படி அங்கேயே இருக்கிறது.

போன வருடம் அம்மாவை மூட்டு டாக்டரிடம் காட்டச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தே பாரத்தில் திரும்பினேன். சென்னையிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டி, 2023 செப்டம்பரில் விட்டது, திண்டுக்கல்லில் நிற்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் வடிவமைத்த ரயில். திண்டுக்கல் ஜங்ஷனில் வண்டி நின்று கதவு திறக்கும்போது அந்தப் பழைய சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தேன். கதவுக்குக் கீழேயிருந்து ஒரு தகடு நீண்டு பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவிலான சந்தை மறைத்தது. அதே விஷயம்தான். கதவு திறந்தால் படி, கதவு மூடி படி உள்ளே போன பிறகுதான் ஓட்டம். 1875-ல் ரயில் வந்த இதே தடத்தில், ஒரு படி முதல்முறையாக ஏறுகிறவரைத் தேடி வருகிறது.

அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சாதாரணமாக நடந்து இறங்கினாள். நல்ல படி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெளியே ஆட்டோ பிடித்து பஸ் நிலையம் போனோம். கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன், "எதுக்குய்யா வெட்டிச் செலவு, பஸ்ஸுதான் ஓசியாச்சே" என்றாள். முன்பக்கம் பிங்க் பெயிண்ட் அடித்த டவுன் பஸ் நின்றது. அம்மாவுக்கு அறுபத்து நாலு. பையை என்னிடம் கொடுத்தாள். சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு கம்பியையும் பிடித்தாள். ஒரு நொடி நின்று படியைப் பார்த்தாள்.

அப்புறம் வலது முழங்காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள்.